எங்கள் தெருவுக்கு முதலிடம்

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது அவன் எழுதிய முப்பத்தொன்றாம் பக்கம் தேடுபொறியில் முதலிடத்தில் இருந்தது. அது அங்கே இருக்க வழியே இல்லை. வெள்ளிக்கிழமை மாலைதான் அதைத் தளத்தில் ஏற்றியிருந்தான். வெளியே எந்தத் தளமும் அதற்கு இணைப்பு தரவில்லை, யாரும் பகிரவில்லை, ஆள் வந்து படித்ததற்கு அடையாளமும் இல்லை. புதுப் பக்கம் ஒன்று தேடுபொறியின் கண்ணில் படவே பத்து நாள் ஆகும், முதல் பத்துக்குள் வர நாலைந்து மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அவன் அடிபட்டுக் கற்றது. இதுவோ இரண்டே நாளில், வருஷக்கணக்காக வரிசையில் நின்றவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது.

அவன் வேலை பார்த்தது ஒரு துப்புரவு நிறுவனத்தில். வீடு பெருக்குகிற துப்புரவு இல்லை. ஒரு வீட்டில் யாராவது வெட்டுப்பட்டோ அடிபட்டோ செத்து, போலீஸ் வந்து உடலை எடுத்துப் போன பிறகு, தரையிலும் சுவரிலும் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுக்கிற வேலை. முதலாளிக்கு பினாயில் அண்ணன் என்று பெயர். அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும். அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, அவருடைய கிடங்குதான்: சுவரோரம் அமிலக் கேன்கள், கவிழ்த்து வைத்த வாளிகள், கொடியில் காயும் ரப்பர் கையுறைகள், மூலையில் ஒரு மேசை, மேசை மேல் அவன் கணினி. தொங்கவிட்ட துடைப்பங்களிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

“இந்த மாதிரி நேரத்துல யாரும் உக்காந்து யோசிக்க மாட்டாங்க தம்பி,” என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணன் சொல்லியிருந்தார். “போனை எடுத்துத் தேடுவாங்க. மேல எது வருதோ அதுக்கு அடிப்பாங்க. ரெண்டாவதா இருக்கிறவன் ஈ ஓட்ட வேண்டியதுதான். எனக்கு முதல் இடம் வேணும். எல்லாத் தெருவுலயும்.”

அதற்காக அவன் நாற்பது தெருக்களுக்கு நாற்பது பக்கம் எழுதினான். தெருப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நாற்பது முறை போட்டால் தேடுபொறி கண்டுபிடித்துத் தூக்கி எறிந்துவிடும். ஒவ்வொன்றிலும் வேறு எங்கும் இல்லாத விவரம் வேண்டும். ஆகவே பக்கத்துக்கு ஒரு வாடிக்கையாளர், அவர் சொல்வதுபோல ஒரு அனுபவம். அண்ணனுக்கு அத்தனை வாடிக்கையாளர்கள் ஏது? எல்லாம் இவன் கற்பனை. கல்லூரி நாளில் கதை எழுதிப் பார்த்து எங்கேயும் வெளிவராமல் போன கை, இதில் நன்றாகவே விளையாடியது. யாரை, எதனால், எந்த அறையில், ரத்தம் எது வரைக்கும் போனது என்று ரசித்து ரசித்து எழுதினான். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக இரண்டு வரி மட்டும் அண்ணன் கேட்டபடி வைத்தான். தொடக்கத்தில், இரண்டே நிமிடம்தான் வெளியே போனேன். முடிவில், இப்போது கறை இருந்த இடமே தெரியவில்லை, ஐந்து நட்சத்திரம்.

மனைவி அவனை எழுத்தாளரே என்றுதான் கூப்பிடுவாள். “எழுத்தாளரே, இன்னைக்கு எத்தனை பேரைப் போட்டுத் தள்ளினீங்க?” என்று வாசலிலேயே கேட்பாள். அவனும் சிரித்துக்கொண்டே எண்ணிக்கை சொல்வான்.

திங்கட்கிழமை மதியம் அண்ணனின் போன் வந்தது. “தம்பி, உன் கை ராசியான கை. மில் தெருவுல வேலை வந்திருக்கு. கேமராவைத் தூக்கிட்டு வா.”

மில் தெருதான் முப்பத்தொன்றாம் பக்கம். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தளத்தில் போடுவது வழக்கம் என்பதால் போனான். கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் வந்து ஒட்டியது, துருப்பிடித்த இரும்பை வெயிலில் காய வைத்ததுபோல் ஒரு வாடை, அதன் அடியில் இனிப்பாக வேறொன்று. மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் ஐந்து விரல் இழுபட்ட தடம் மேலிருந்து கீழே வந்து, மூன்றாம் படியில் நின்றது. அந்தப் படியின் உடைந்த டைல்ஸுக்குள் ரத்தம் இறங்கிக் கெட்டியாகிக் கிடந்தது. விரிசலின் ஓரத்தில் ஒரு பல்.

மூன்றாம் படி, உடைந்த டைல்ஸ், பல். எல்லாம் அவன் எழுதியது. சுத்தியல் என்றும் எழுதியிருந்தான்.

வாசலில் செத்தவரின் தம்பி நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். “எங்க அண்ணன்ங்க,” என்றார். “சுத்தியால அடிச்சிருக்கான். யாருன்னே தெரியல, கதவுகூட உடையல.” பிறகு கண் எங்கேயோ நிலைகுத்த, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரு தட்டைக் குரலில் சொன்னார்: “இரண்டே நிமிடம்தான் வெளியே போனேன்.”

புதன்கிழமை எட்டாம் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. அதில் ஒரு அப்பா ஊருக்குக் கிளம்பிப் போய், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்து, கூடத்துக் கண்ணாடிக் கதவில் தலை முட்டிச் சாகிறார். மறந்த மூக்குக் கண்ணாடி புதுசாக இருக்கும் என்று அவனே சேர்த்தது. அன்று மாலை அண்ணனின் ஆட்கள் அந்தத் தெருவில் ஒரு கூடத்திலிருந்து இரண்டு வாளி கண்ணாடித் துண்டு அள்ளினார்கள். ஒவ்வொரு துண்டிலும் முடி. மேசை மேல் ஒரு மூக்குக் கண்ணாடி, அதில் மட்டும் கீறல்கூட இல்லை. வியாழக்கிழமை பத்தொன்பதாம் பக்கம். அதை அவன் பார்க்கப் போகவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுக் கழிவறையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

“அண்ணே, நான் எழுதின மாதிரியே நடக்குதுண்ணே.”

அண்ணன் கையுறையைக் கழற்றியபடி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “ரத்தம் வேற எங்க தம்பி போகும்? படிக்கட்டு, கூடம், பாத்ரூம். நாப்பது எழுதினா நாலு ஒத்துப்போகத்தான் செய்யும். போய்த் தூங்கு. கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நானே ஓடிக்கிட்டு இருக்கேன், நீ வேற.”

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தான். நாற்பதாம் பக்கம் ஆறாவது இடத்தில் இருந்தது. நேற்று வரை அது எங்கேயோ எண்பதுக்குப் பின்னால் கிடந்தது.

நாற்பதாவது அவன் தெரு.

முப்பத்தொன்பது சாவு எழுதி முடித்தபோது கற்பனை வற்றிப்போயிருந்தது. கடைசி ஒன்று, அன்றைக்கே முடித்துக் கொடுத்தாக வேண்டும். புது வீடு ஒன்றை யோசிக்கச் சோம்பல்பட்டு, சொந்த வீட்டையே எழுதிவிட்டான். சமையலறையின் மஞ்சள் முக்காலி. இழுத்தால் முழுதாக வெளியே வந்து விழும் மேசை இழுப்பறை. சன்னலுக்கு நேரே எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் அறை. அந்தச் சமையலறையில் ஒரு மனைவி, பதினொரு குத்து, முக்காலியின் கால்களுக்கு நடுவே முகம். யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தான். அதைப் படித்துக் காட்டியபோது அவள்கூடச் சிரித்தாள். “முக்காலியை மட்டும் விட்டுடு, அது எங்க அம்மா குடுத்தது,” என்றாள்.

அவன் அந்தப் பக்கத்தை அழித்தான். தளத்திலிருந்து போய்விட்டது. தேடிப் பார்த்தால் அப்படியே இருந்தது. அழித்த பக்கமும் தேடுபொறியின் நினைவில் பல நாள் கிடக்கும் என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். நீக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டான். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இன்னொரு முறை போட்டான். அதே பதில். பக்கத்தை அதே முகவரியில் மறுபடி ஏற்றி, இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, எல்லோரும் நலம் என்று ஒற்றை வரி எழுதிப் பார்த்தான். உள்ளடக்கம் போதாது, பழைய பதிப்பே காட்டப்படும் என்று வந்தது.

ஆறாவது இடம் நாலாவது ஆகியிருந்தது.

மனைவிக்கு போன் போட்டான். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அன்று அரை நாள், வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள்.

“கேஸ் லீக் ஆகுதாம். நம்ம தெருவுல. உடனே வெளிய போ.”

“வாசனையே வரலையே?”

“வெளிய போ, சொல்றேன்ல!”

அவன் அவளிடம் குரலை உயர்த்தியதே கிடையாது. “சரி சரி, கத்தாத. அக்கா வீட்டுக்குப் போறேன். மத்தியானத்துக்கு என்ன சாப்பிட்டே?”

“போ முதல்ல,” என்றான். அவள் கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும் வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தான். அவள் அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தவனுக்கு, மேசை மேல் கீறலில்லாமல் கிடந்த அந்த மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது. ஊருக்குப் போனவரும் திரும்பித்தானே வந்தார்.

மூன்று.

துடைப்பங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. கிடங்கில் வேறு யாரும் இல்லை. கொடியில் தொங்கிய கையுறைகள் ஒன்றிரண்டு காற்றில்லாமலே விரலை மடக்கி நீட்டியதுபோல் அவனுக்குத் தோன்றியது. பயத்தில் எல்லாம் தோன்றும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். வேண்டாத பக்கம் ஒன்றை அழிக்க முடியாவிட்டால் அதைக் கீழே தள்ள வேண்டும். கீழே தள்ள ஒரே வழி, அதே தேடலுக்கு அதைவிட நல்ல பக்கம் ஒன்றை அதற்கு மேலே ஏற்றுவது. அதைவிட நீளமாக, நுணுக்கமாக, உயிரோடு. முதலிடம் ஒன்றுதான். இரண்டாவதாக இருப்பது நடக்காது. இந்த ஐந்து நாளும் நடக்கவில்லை.

அதே தேடல் என்றால் அதே தெரு. அந்தத் தெருவில் சொந்த வீட்டுக்கு அடுத்து அவன் நன்றாகப் பார்த்திருந்த வீடு ஒன்றே ஒன்று.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா நல்ல மனுஷி. பண்டிகை நாளானாலும் சண்டை நாளானாலும் சன்னல் வழியாக ஒரு வார்த்தை விசாரிப்பார். அவரைச் சாக எழுத அவனுக்குக் கை வரவில்லை. ஒரு வழி தோன்றியது. அவர் சாக வேண்டாம். அவர்தான் சொல்பவர். சாவது யாரோ, அளவு கொடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர், முகம் தெரியாதவள், ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது. அந்த லேசைப் பற்றி அவன் அப்போது வெட்கப்படவில்லை.

எழுதினான். நூல் எடுக்க இரண்டே நிமிடம்தான் உள்ளே போனேன். துணி வெட்டும் மேசை, அதன் மேல் சாக்பீஸால் போட்ட கோடுகள். பெரிய கத்தரிக்கோல் தொண்டைக்குள் பிடி வரைக்கும். கழுத்தில் கிடந்த அளவு நாடா நனைந்து நிறம் மாறி, எண்கள் மட்டும் தெரிகின்றன. ஆள் இல்லாமல் ஓடும் தையல் மெஷின், சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரம். ஐந்நூறு சொல். போதாது. பழையதை ஜெயிக்க இன்னும் வேண்டும், யாரும் இதுவரை எழுதாதது வேண்டும். செத்தவளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். முகம் தெரியாதவளைப் பற்றி என்ன எழுதுவது? நேரம் ஓடியது. பழைய பக்கம் இப்போது இரண்டு. கை தன்பாட்டுக்கு எழுதியது. மேசைக்கு வெளியே தொங்கும் இடது கை. முழங்கைக்குக் கீழே, எண்ணெய் தெறித்து ஆறிய தழும்பு, புளியங்கொட்டை அளவில். சுண்டு விரலில் மட்டும் உரிந்துபோன நகப்பூச்சு. செருப்பில் ஒன்று காலில், ஒன்று மேசைக்கு அடியில்.

நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. ஏற்றினான். தேடுபொறியை வந்து பார்க்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினான்.

பட்டியல் அசையவில்லை. புதுப்பித்தான். அசையவில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு துளி. இன்னொரு துளி. புதுப்பித்தான்.

ஒன்று. புதுப் பக்கம்.

இரண்டு. பழையது.

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் பிழைத்துவிட்டாள். யார் செத்தாலும் பரவாயில்லை என்று மனசார நினைத்தான், அவள் பிழைத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டான்.

“எழுத்தாளரே, கோபம் தணிஞ்சுதா?” பின்னால் ஏதோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா என்ன பண்றாங்க?”

“அக்கா வீடு பூட்டியிருக்கு. வெயில்ல எங்க நிக்கிறது? திரும்பி வந்துட்டேன். வீட்டுக்குள்ள போகல, பயப்படாத. எதிர்வீட்டுலதான் இருக்கேன். சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஒரு ப்ளவுஸ் அளவு குடுத்துடலாம்னு…”

அவன் இடது கையைப் பார்த்தான். தன் இடது கையை. அதில் தழும்பு இல்லை. தழும்பு இருப்பது அவள் கையில்.

“வெளிய வா,” என்றான். “வெளிய வா. இப்பவே. ஓடி வா.”

“இருப்பா, அம்மா நூல் எடுக்க உள்ள போயிருக்காங்க. ரெண்டு நிமிஷம்.”

போன் எதிலோ விழுந்தது. மரப்பலகையில். மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டியை எப்படி எடுத்தான், எந்த வழியாக வந்தான் என்று தெரியவில்லை. தெரு எப்போதும்போல் இருந்தது. யாரோ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே மெஷின் ஓடியது.

வாசற்படி. நடை. அறை.

சாக்பீஸ் கோடுகள் இருந்தன. அளவு நாடா இருந்தது. எண்கள் மட்டும் தெரிந்தன. கத்தரிக்கோலின் பிடி தெரிந்தது, மற்றது தெரியவில்லை. ஒரு செருப்பு மேசைக்கு அடியில். தழும்பின் மேலாக வழிந்த ரத்தம் சுண்டு விரலுக்கு வந்து, உரிந்த நகத்தின் நுனியில் திரண்டு, சொட்டியது. கிடங்கில் கேட்ட அதே சத்தம். அவன் எழுதியதில் ஒரு விவரம்கூட விட்டுப்போகவில்லை. அவன் எழுதாதது ஒன்றுதான், அவள் கண். அது திறந்திருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேசையருகே தையல்காரம்மா நின்றிருந்தார். ஒரு கையில் நூல் கண்டு. இன்னொரு கையில் போன். மேலே எது வந்ததோ அதற்கு அடித்திருந்தார். போனுக்குள்ளிருந்து பினாயில் அண்ணனின் குரல் கனிவாகக் கேட்டது.

“பதறாதீங்கம்மா. எந்தத் தெருன்னு சொல்லுங்க.”

அவர் போனைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார். தினமும் சன்னல் வழியாக அவனை வாப்பா போப்பா என்று கூப்பிடுகிற வாய், பாடம் ஒப்பிப்பதுபோல் திறந்தது.

“நூல் எடுக்க இரண்டே நிமிடம்தான் உள்ளே போனேன்,” என்றார்.

நூல் கண்டு கையிலிருந்து நழுவி, ரத்தத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே அவன் காலடிக்கு உருண்டு வந்தது. அவர் காலிக் கையை மெல்ல உயர்த்தினார். முழங்கை வரை சிவந்திருந்த கை.

“இப்போது கறை இருந்த இடமே தெரியவில்லை,” என்று சொல்லி, ஐந்து விரல்களையும் அவனுக்கு நேராக விரித்துக் காட்டினார்.